மூழ்கிப்போன பெயர்

எங்கள் பக்கத்தில் அடகு வைத்த நகை தவணை கடந்துவிட்டால் 'மூழ்கிப்போச்சு' என்பார்கள். ஏலத்துக்குப் போய்விட்டது என்று யாரும் சொல்வதில்லை. கம்மல் மூழ்கிப்போச்சு, அம்மா போட்ட ரெட்டைவடம் மூழ்கிப்போச்சு. கிணற்றில் விழுந்த வாளியைப் பற்றிச் சொல்வதுபோல இருக்கும். தள்ளிவிட்டது யார் என்ற கேள்விக்கே அந்தச் சொல்லில் இடம் கிடையாது. நாங்கள் பதினோரு ஆண்டுகள் நடத்திய இணைய இதழின் பெயர் 2023 மார்ச்சில் ஏலத்தில் போனபோது, சின்னாளபட்டித் தோழி போனில் கேட்டதும் இதே சொல்தான்: "அப்ப நம்ம பேரு மூழ்கிருச்சாக்கா?"

அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்களில் நாலு பேராவது உடனே கைபேசியில் தட்டிப் பார்ப்பீர்கள். இப்போது அங்கே இருப்பது ஒரு சூதாட்டப் பக்கம். தட்டுகிற ஒவ்வொரு விரலும் அவர்களுக்கு வருமானம்.

2012-இல் ஐந்து பேராகச் சேர்ந்து அதைத் தொடங்கினோம். இரண்டு பேர் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர்கள், ஒருத்தி செவிலியர், ஒருத்தி தையல் கடை வைத்திருப்பவள், நான் காப்பீட்டு முகவர். திண்டுக்கல்லைச் சுற்றி இருபது, முப்பது கிலோமீட்டருக்குள் பெண்கள் பார்க்கிற வேலையையும் படுகிற பாட்டையும் அவர்கள் வாயாலேயே சொல்லவைத்து எழுதுவது என்பதுதான் திட்டம். வேடசந்தூர் பக்கத்து நூற்பாலைகள், பேகம்பூர் தோல் ஷாப்புகள், நிலக்கோட்டைப் பூச்சந்தைக்கு விடியுமுன் பூப்பறிக்கப் போகிறவர்கள், சின்னாளபட்டியில் சுங்குடிக்கு முடிச்சுப் போடுகிறவர்கள். கையில் பணம் இல்லாததால் அச்சு இதழ் பற்றி யோசிக்கவே இல்லை.

டொமைன் என்று சொல்லப்படும் இணைய முகவரியை நாம் விலைக்கு வாங்குவதாகத்தான் எல்லோரும் பேசுகிறோம். உண்மையில் அது வாடகை. ஓராண்டுக்குக் கட்டலாம், அதிகபட்சம் பத்தாண்டுக்குக் கட்டலாம். பிறகு மறுபடி கட்ட வேண்டும். அன்றைக்கு அதைப் பதிவுசெய்வதென்றால் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் தர வேண்டும். தந்ததெல்லாம் 'ஹூ இஸ்' என்ற பொதுப் பதிவேட்டில் உலகத்தில் யார் கேட்டாலும் காட்டும்படி இருக்கும். மறைத்துவைக்கத் தனிக் கட்டணம். புருஷன் அடிப்பதையும், மில் விடுதியில் ராத்திரி கதவைப் பூட்டுவதையும், மாதவிலக்கு நாளில் மெஷினை விட்டு நகர முடியாததையும் எழுதப்போகிற ஒரு இதழுக்கு எங்களில் யார் வீட்டுக் கதவு எண்ணைக் கொடுப்பது? எல்லோர் வீட்டிலும் மாமியார் இருந்தார். இருவர் வீட்டில் வயசுக்கு வந்த பெண் இருந்தாள்.

தையல் கடைத் தோழியின் அண்ணன் ரவுண்ட் ரோட்டில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். "என் கடை பேருலயே போட்ருவோம்மா. எவனாச்சும் போன் பண்ணித் திட்டுனா நான் பாத்துக்கிறேன்" என்றார். திட்டினார்கள். பார்த்துக்கொண்டார். பாதி வருடங்களில் புதுப்பிப்புக் கட்டணத்தைக்கூட எங்களிடம் வாங்கவில்லை.

அது சரியான முடிவு என்றுதான் இன்றும் சொல்வேன். எங்கள் இடத்தில் இருந்த எந்தப் பெண்ணும் அதைத்தான் செய்திருப்பாள். பெயரைக் கொடுத்தால் வாசலில் எவனாவது வந்து நிற்பான். கொடுக்காவிட்டால் பொருள் காகிதத்தில் நம்முடையது இல்லை. இந்த இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள் என்பதைத் தேர்வு என்று சொல்ல எனக்கு நாக்கு வரவில்லை. இது இணையத்தில் புதிதாக முளைத்ததும் இல்லை. பத்திரம் மாமனார் பேரில், பட்டா கணவர் பேரில், கேஸ் சிலிண்டர் மட்டும் நம் பேரில். தமிழ்நாட்டில் மகளுக்குச் சொத்தில் சமபங்கு என்ற சட்டம் 1989-லேயே வந்துவிட்டது. நாடு முழுவதற்கும் 2005-இல் வந்தது. ஆனாலும் பத்திரப் பதிவு அலுவலக வாசலில் "தங்கச்சி விடுதலைப் பத்திரம் எழுதிக் குடுத்துருச்சா?" என்று கேட்பது மட்டும் நிற்கவே இல்லை.

வேடசந்தூர் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயர் வேண்டாம். மூன்று வருடம் மில்லில் வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, அதை வைத்துக் கல்யாணம் என்ற பேச்சில் பதினாறு வயதில் விடுதிக்குப் போனவள். சுமங்கலித் திட்டம் என்று இதற்கு ஒரு மங்கலகரமான பெயர் உண்டு. இரண்டு வருடம் ஏழு மாதத்தில் உடம்பு முடியாமல் வெளியே வந்தாள். இன்னும் ஐந்து மாதம் பாக்கி என்று தொகை கிடைக்கவில்லை. அவளுக்கு எழுத வராது என்றில்லை, எழுதப் பிடிக்கவில்லை. நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் போனில் சொன்னாள், நான் தட்டச்சு செய்தேன். புனைபெயர் போடலாமா என்று கேட்டதற்கு, "எதுக்குக்கா? என் பேரயே போடுங்க. நானா திருடிட்டு வந்தேன்?" என்றாள். எங்கள் தளத்தில் மிக அதிகம் படிக்கப்பட்டது அதுதான். கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் திறந்து வருகிறவர்களிடம் காட்டுவாள். அவள் பெயர் அச்செழுத்தில் இருந்தது ரேஷன் கார்டை விட்டால் அங்கேதான்.

2021 மே மாதம், படுக்கைக்கும் ஆக்சிஜனுக்கும் ஊரே அலைந்த நாட்களில், அண்ணன் போய்விட்டார். 2023 பிப்ரவரி வரைக்கும் கட்டணம் கட்டியிருந்தார். காரியமெல்லாம் முடிந்து சில மாதம் கழித்து அண்ணியிடம் தயங்கித் தயங்கிக் கேட்டோம். அவரும் தேடினார். கணக்குக்குள் நுழையக் கடவுச்சொல் இல்லை. புதிதாகக் கேட்டால் ஓடிபி அண்ணனுடைய எண்ணுக்குப் போகிறது. அந்த எண் அதற்குள் வேறு ஆளுக்குக் கொடுக்கப்பட்டுவிட்டது. கூப்பிட்டால் நத்தத்தில் ஒரு மாங்காய் வியாபாரி எடுக்கிறார். நல்ல மனிதர். இரண்டு முறை ஓடிபியைப் படித்தும் சொன்னார். ஆனால் மின்னஞ்சல் நிறுவனம் பழைய கணினி, பழைய ஊர் என்று வேறு அடையாளங்களையும் கேட்டது. ஒன்றரை வருடம் இப்படியே போனது.

டொமைன் உலகத்துக்கு விதி வகுக்கும் ஐகேன் அமைப்பு, காலாவதிக்கு ஏறத்தாழ ஒரு மாதம் முன்னும் ஒரு வாரம் முன்னும், காலாவதியான ஐந்து நாளுக்குள்ளும் அறிவிப்பு அனுப்பியாக வேண்டும் என்கிறது. எல்லாம் ஒழுங்காக அனுப்பப்பட்டிருக்கும், சந்தேகமே இல்லை. இறந்தவரின் மின்னஞ்சல் பெட்டிக்கு.

என் தொழிலே தவணை தவறுகிறவர்களைத் துரத்துவதுதான் என்பதால் எனக்கு இது கூடுதலாக உறைத்தது. ஆயுள் காப்பீட்டில் ஆண்டுத் தவணைக்கு முப்பது நாள் சலுகை உண்டு. பாலிசி லேப்ஸ் ஆனாலும் ஐந்து வருடத்துக்குள் உயிர்ப்பிக்கலாம். எல்லாவற்றுக்கும் மேலாக நாமினி என்று ஒரு கட்டம் இருக்கும். ஆள் போனால் யாரிடம் பேசுவது என்று அது சொல்லும். எங்கள் டொமைன் கணக்கில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. காசு கட்டுகிறவன் சாகவே மாட்டான் என்ற நம்பிக்கையில் கட்டிய வியாபாரம்.

பிப்ரவரியில் தளம் நின்றது. டாட் காம் முகவரிகளுக்கு ஒரு நடைமுறை இருக்கிறது. காலாவதியானதும் பதிவு நிறுவனம் நாற்பத்தைந்து நாள் வரை வைத்துக்கொள்ளலாம். பிறகு முப்பது நாள் மீட்புக் காலம். அபராதம் கட்டி மீட்கலாம். அதற்குப் பின் ஐந்து நாள் யாரும் தொட முடியாது. கடைசியில் பதிவேட்டிலிருந்து விழும். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, அடகுக் கடையைப்போலவே. ஆனால் நல்ல பெயர்கள் அந்தக் கடைசிப் படி வரை போவதே இல்லை. முதல் நாற்பத்தைந்து நாளுக்குள்ளேயே பதிவு நிறுவனங்கள் அவற்றை ஏலத்தில் வைத்துவிடுகின்றன. பழைய உரிமையாளர் வந்து கட்டினால் ஏலம் ரத்தாகும். வராவிட்டால் கேட்டவனுக்குப் போகும்.

அண்ணி வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ் இரண்டையும் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் வேண்டும் என்றார்கள். கோர்ட் வளாகத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்து, நோட்டரி முத்திரை வாங்கி அனுப்பினோம். ஒன்பது நாள் கழித்துப் பதில்: கணக்கு தனிநபர் பேரில் இல்லை, ஒரு நிறுவனத்தின் பேரில் இருக்கிறது, அந்த நிறுவனத்தின் பதிவுச் சான்று வேண்டும். மாடிப்படிக்குக் கீழே ஆறு கம்ப்யூட்டர் போட்ட கடைக்கு என்ன பதிவுச் சான்று? அந்தப் பதில் வந்தபோது ஏலம் ஏழாம் நாளில் இருந்தது. பத்து நாள் ஏலம்.

எனவே நாங்களும் ஏலத்தில் இறங்கினோம். நம்ம வீட்டு அண்டாவை நாமே தெருவில் நின்று ஏலம் கேட்பது எப்படி இருக்கும் என்று இனி யாரும் எனக்கு விளக்க வேண்டாம்.

கேட்பதற்கு முன் வங்கிக்குப் போக வேண்டியிருந்தது. 2020-இலிருந்து வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்குக் கார்டைத் தனியாகத் திறந்துவிட்டால்தான் டாலரில் கட்ட முடியும்; ரிசர்வ் வங்கியின் விதி, நல்ல விதிதான். என் செயலியில் அந்த இடம் வேலை செய்யவில்லை, நேரில் போனேன். எதற்கு என்று கேட்டார் அதிகாரி. ஏலம் என்றேன். "சாருக்குத் தெரியுமாம்மா?" என்றார். அந்தக் கிளையில் மாதாமாதம் நான் கட்டும் பிரீமியத் தொகை அவருடைய சம்பளத்தைவிட அதிகம். 'சார்' என்று அவர் சொன்ன மனிதருக்கு அங்கே கணக்கே கிடையாது.

ஐந்து பேரும் சேர்ந்து ₹25,000 திரட்டினோம். அன்றைய மதிப்பில் ஏறத்தாழ 300 டாலர். ஏலம் 12 டாலரில் தொடங்கி, நாங்கள் உள்ளே போனபோது 45-இல் நின்றது. எதிரே யார் என்று தெரியாது; ஒரு எண் மட்டும் தெரியும். முடிகிற நேரம் நம் கணக்கில் நள்ளிரவு தாண்டி 12.40. கடைசி நிமிடங்களில் யாராவது விலையேற்றினால் மேலும் ஐந்து நிமிடம் நீளும். ஒட்டன்சத்திரம் காய்கறி மண்டியில் ஏலம் பார்த்திருக்கிறேன். அங்கே கேட்கிறவன் முகத்தையாவது பார்க்கலாம், அவனுக்கு உண்மையிலேயே தக்காளி வேண்டுமா, விலையைக் கெடுக்க வந்தவனா என்று புரிந்துவிடும். இங்கே பச்சை நிற எண் ஒன்று மாறிக்கொண்டே இருந்தது. 110. 155. 205. நாங்கள் ஏற்றியவுடன் இரண்டு நொடியில் அடுத்த விலை விழுந்தது. தன் உச்சவரம்பை எழுதி வைத்துவிட்டு எதிராளி தூங்கப் போயிருப்பான், அவனுக்காக இயந்திரம் கேட்கிறது என்று கல்லூரித் தோழி சொன்னாள். 300-ஐத் தாண்டியது. செவிலியர் தோழி போனில், "என் சங்கிலிய வச்சிருவோம்க்கா, காலைல மொத வேலையா" என்றாள். ஒரு பெயர் மூழ்காமலிருக்க ஒரு சங்கிலியை மூழ்கவிடுவதா? வேண்டாம் என்றேன். ஆனால் ஐவரும் பேசி இன்னும் ₹10,000 ஏற்றினோம். அதையும் இயந்திரம் இரண்டு நொடியில் விழுங்கியது. எங்களுக்குப் பின்னும் யாரோ ஒருவர் மோதினார். 610 டாலரில் முடிந்தது. ₹50,000-க்குச் சற்று மேல்.

அடகுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அன்று விடிகாலையில்தான் யோசித்தேன். தமிழ்நாட்டில் அடகுக் கடைகளுக்கு 1943-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. மீட்க ஒரு வருடம், மேலே ஏழு நாள் சலுகை. ஏலம் போட்டுக் கடனும் வட்டியும் கழித்தபின் மிச்சம் இருந்தால் அது அடகு வைத்தவருக்குச் சேர வேண்டும். நடைமுறையில் எத்தனை பெண்களுக்குச் சேர்கிறது என்பது வேறு கதை. ஆனால் சட்டம் அந்த மிச்சத்தை உன்னுடையது என்று ஒப்புக்கொள்கிறது. டொமைன் ஏலத்தில் பெரும்பாலும் அப்படி ஒரு மிச்சமே கிடையாது. வருடத்துக்கு ஆயிரம் ரூபாய் சொச்சம் வாடகை வரும் ஒரு பெயர் ₹50,000-க்குப் போனால், மீதிப் பணம் முழுவதும் ஏலம் போட்டவருக்கு.

அந்த மீதி எங்கிருந்து வந்தது என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. அழகான பெயர் என்பதற்காக யாரும் 610 டாலர் தரவில்லை. தமிழ்ச் சொல், வாங்கியவனுக்கு அதை உச்சரிக்கவே வராது. அவன் வாங்கியது அந்தப் பெயரை நோக்கி வரும் சுட்டிகளை. பல்கலைக்கழகங்கள், செய்தித்தாள்கள், ஆய்வு அறிக்கைகள் ஒரு முகவரியைச் சுட்டினால், அதைத் தேடுபொறி நம்பகமான இடம் என்று எடுத்துக்கொள்கிறது. அந்த நம்பிக்கையைத்தான் காலாவதி ஏலங்களில் விற்கிறார்கள். எங்கள் தளத்துக்குச் சுட்டிகள் குவிந்தது 2021-க்குப் பிறகு. அந்த ஆண்டு ஜனவரியில் இங்கே ஆடைத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜெயஸ்ரீ கதிரவேல் என்ற இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியதில், 2022 ஏப்ரலில் வேலையிடத்துப் பாலியல் வன்முறைக்கு எதிரான திண்டுக்கல் ஒப்பந்தம் கையெழுத்தானது. வெளிநாட்டு ஆடை நிறுவனங்களும் அதில் வந்தன. அதைப்பற்றி எழுதியவர்கள் இந்தப் பகுதிப் பெண் தொழிலாளர்கள் முன்பு என்ன சொன்னார்கள் என்று தேடி எங்களிடம் வந்தார்கள், சுட்டினார்கள். பச்சை எண் ஏறிய ஒவ்வொரு படியிலும் அந்தச் சாவும், ஐந்து மாதம் பாக்கி என்று திருப்பி அனுப்பப்பட்டவளின் நாலு ஞாயிற்றுக்கிழமையும் இருந்தன. உழைப்பின் உபரி யாருக்குப் போகிறது என்று மில் வாசலில் நின்று பேசியிருக்கிறோம். நள்ளிரவில் கம்ப்யூட்டர் திரையிலும் அதேதான்.

வாங்கியது யார் என்று பதிவேட்டில் தேடினேன். மறைக்கப்பட்டிருந்தது. 2018 மே மாதம் ஐரோப்பியத் தனியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபின் தனிநபர் விவரங்களைப் பொதுவில் காட்டுவதைப் பெரும்பாலும் நிறுத்திவிட்டார்கள். எங்களுக்கு 2012-இல் கிடைத்திருக்க வேண்டிய திரை. கிடைத்திருந்தால் அண்ணனின் கடைப் பெயரே தேவைப்பட்டிருக்காது. இப்போது அதன் பின்னால் அவன் நிற்கிறான்.

வழக்கு போடலாமே என்றார்கள். ஐகேனின் தகராறுத் தீர்ப்பு முறைப்படி உலக அறிவுசார் சொத்து அமைப்பிடம் போனால், ஒற்றை நடுவருக்கு மட்டும் 1,500 டாலர். அதுவும் நமக்கு வணிகக் குறி உரிமை இருந்து, எதிராளி கெட்ட எண்ணத்துடன் பதிவுசெய்தான் என்று நிரூபித்தால்தான். விற்பதற்கு எதுவும் இல்லாத எங்களுக்கு எங்கிருந்து வணிகக் குறி?

பெரியவர்களுக்கும் தவணை மறந்துபோவது உண்டு. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காம் முகவரிக்குக் கட்டணம் கட்டாமல் விட, ஹாட்மெயில் பலருக்குத் திறக்கவில்லை. யாரோ ஒரு நிரலாளர் தன் கிரெடிட் கார்டில் 35 டாலர் கட்டிச் சரிசெய்தார். 2015-இல் கட்ச் பகுதியைச் சேர்ந்த சன்மய் வேத் 12 டாலருக்கு கூகுள் டாட் காமையே வாங்கினார். ஒரு நிமிடத்தில் பரிவர்த்தனை ரத்தாகிப் பெயர் தாய்வீடு சேர்ந்தது. பெயர் பெரியதென்றால் அதுவாகத் திரும்பி வரும்போல.

எங்களுக்கு நடந்தது எங்களோடு போகவில்லை என்று அடுத்த ஆண்டு தெரிந்தது. அமெரிக்காவில் தி ஹேர்பின் என்று பெண்களுக்கான ஒரு தளம் 2010-இலிருந்து நடந்தது. ஜியா டொலன்டினோ போன்றவர்கள் எழுதிய இடம். 2018-இல் மூடினார்கள். பின்னர் அந்தப் பெயர் சந்தைக்கு வர, செர்பியாவைச் சேர்ந்த ஒரு டிஜே அதை வாங்கி, செயற்கை நுண்ணறிவு கக்கும் கட்டுரைகளால் நிரப்பினார். 2024 தொடக்கத்தில் வயர்டு இதழ் இதை வெளியே கொண்டுவந்தது. பழைய கட்டுரைகள் சிலவற்றை மட்டும் அவர் விட்டுவைத்திருந்தார். எழுதிய பெண்களின் பெயரை எடுத்துவிட்டு ஆண் பெயர்களைப் போட்டு. இதைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிடச் சிரிப்புதான் முதலில் வந்தது. எங்கள் சூதாட்டக்காரன் எவ்வளவோ தேவலை, எல்லாவற்றையும் ஒரேயடியாக அழித்துவிட்டான்.

கோபம் பிறகு வந்தது. மதுரையில் ஆய்வு செய்யும் ஒரு மாணவி, அடிக்குறிப்பில் கொடுத்த எங்கள் சுட்டியை நெறியாளர் சொடுக்கிப் பார்த்துவிட்டு, "என்ன பக்கம்மா இதெல்லாம்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டாராம். வேடசந்தூர்க்காரியின் மகளுக்கு இப்போது ஒன்பது வயது. அம்மாவின் கட்டுரையைத் தோழிக்குக் காட்டத் திறந்திருக்கிறாள். சீட்டும் சக்கரமும் சுற்றும் பக்கம் வந்ததாம். அவள் அம்மா எனக்குப் போன் செய்து கேட்டது ஒன்றுதான்: "ஏங்க்கா, என்னுத எடுத்துட்டீங்களா? ஏதாச்சும் பிரச்சனையா?" நாங்களே நீக்கிவிட்டோம் என்று அவள் நினைத்திருந்தாள். மில்லில் அவளுக்கு அப்படித்தானே நடந்தது.

நின்றுபோன பெயரை ஒரு பெண் விலைக்கு வாங்கிய கதையும் தமிழில் இருக்கிறது. நின்றுவிட்டிருந்த ஜகன்மோகினி இதழை 1925-இல் வை.மு. கோதைநாயகி வாங்கி, முப்பது ஆண்டுகளுக்கு மேல் நடத்தினார். அதற்கு முன்பு, சரளமாக எழுத வராத நாட்களில், தன் முதல் நாடகத்தைத் தோழி பட்டம்மாளிடம் சொல்லி எழுதவைத்தவர் அவர். சொல்ல ஒருத்தி, எழுத ஒருத்தி. நாங்கள் ஞாயிற்றுக்கிழமை போனில் செய்தது அதைத்தான். அவர் வாங்கிய காலத்தில் எதிரே இரண்டு நொடியில் விலையேற்றும் இயந்திரம் இல்லை. அச்சான பழைய இதழ்களை யாரும் ஒரே இரவில் வீடு வீடாகப் போய் அழிக்கவும் முடியாது.

கட்டுரைகள் இருந்த ஹோஸ்டிங் கணக்கும் அண்ணனுடையதுதான், அதுவும் போனது. மிச்சம் கிடைத்ததற்குக் காரணம் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமெரிக்க அறநிறுவனம். 1996-இலிருந்து இணையப் பக்கங்களைப் படியெடுத்து வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எங்களிடம் கேட்காமலேயே எங்களுடையதையும் எடுத்திருந்தார்கள். நாங்கள் வெளியிட்டது 143 கட்டுரைகள். மூன்று மாதம் உட்கார்ந்து தேடியதில் 112 கிடைத்தன. படங்கள் பெரும்பாலும் இல்லை. வேடசந்தூர்க்காரியின் கட்டுரை முழுதாகக் கிடைத்தது, அவள் பெயரோடு.

புது முகவரி ஒன்று எடுத்திருக்கிறோம். பழைய பெயரோடு ஒரு எழுத்துகூட ஒட்டாத பெயர். கணக்கு என் பேரில். கடவுச்சொல் ஐந்து பேர் வீட்டுப் பீரோவிலும் உறையில் இருக்கிறது. அண்ணியிடம் ஆறாவது பிரதி. மின்னஞ்சல் எங்கள் பொதுப்பெட்டிக்கு வரும், அதன் ஓடிபி செவிலியர் தோழியின் எண்ணுக்கு. நாமினிக் கட்டம் இல்லாத இடத்தில் நாமே போட்டுக்கொண்ட கட்டம் இது. கிடைத்த 112-இலிருந்து நாற்பதைப் புத்தகமாக்கும் வேலையும் நடக்கிறது.

கிடைக்காத 31-இல் பேகம்பூர் தோல் ஷாப்பில் இருபத்திரண்டு வருடம் உப்புப் போட்ட ஒரு அம்மாவின் பேட்டி இருக்கிறது. 2014-இல் எடுத்தது. எடுத்த குறிப்பேட்டைக் கரையான் தின்றுவிட்டது. விசாரித்ததில் அவர் இப்போது வடமதுரையில் மகள் வீட்டில் இருக்கிறார், காது கொஞ்சம் மந்தம். மறுபடி முதலிலிருந்து சொல்ல முடியுமா என்று மகளை விட்டுக் கேட்டோம். "அப்ப சொன்னத விட இப்ப நெறையா இருக்கு, வரச் சொல்லு" என்றாராம். ஞாயிற்றுக்கிழமை போகிறோம். கைபேசியில் பதிவுசெய்துகொள்வதோடு, எழுதி முடித்ததும் இரண்டு பிரதி அச்செடுத்து ஒன்றை அவரிடமே கொடுப்பதாகத் திட்டம். படிக்க மகள் இருக்கிறாள்.